மிதிபடாத வாசல்

மங்கையர்க்கரசியின் வீட்டு வாசல் அந்த ஐப்பசியில் இன்னும் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. வாசல் இறங்கினால் அக்கம்பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கேட்காமல் பார்த்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

அல்லிக்குளம் நகரில் அல்லியும் கிடையாது, குளமும் கிடையாது. குளத்தைத் தூர்த்துத்தான் நகரே வந்தது. மழை பெய்தால் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்காரும். ஜனங்கள் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். ஒரு காலத்தில் சென்னை முழுக்க அதுதான் கதி. பிறகுதான் மாநகராட்சி தாரையும் சிமென்டையும் பெயர்த்து எறிந்துவிட்டு உயிர்த்தெரு போட்டது. மேலே பாசியும் மண்ணும் கலந்த பரப்பு, நடந்தால் காலுக்கு மெத்தென்று இருக்கும். அடியில் வேரும் பூஞ்சையுமாகப் பின்னிய ஆழமான படுகை. பெய்கிற மழையைக் குடித்து, வடிகட்டி, பூமிக்குள் அனுப்பிவிடும். குடிக்கிற தெரு என்பதால் ஜனங்கள் அதைக் குடிகாரத் தெரு என்றார்கள். பெயர்தான் அப்படியே தவிர, தெரு ஒழுங்காக வேலை செய்தது. பல வருஷங்களாக ஊரில் வெள்ளம் என்ற பேச்சே இல்லை. ஆனாலும் அளவுக்கு மேல் பெய்கிற மழையை அது எங்காவது தேக்கித்தான் ஆகவேண்டும். எங்கே என்பதைத் தெருவே முடிவு செய்தது. நாலாவது குறுக்குத் தெரு மங்கையின் வாசலை முடிவு செய்திருந்தது.

தெருவைப் பார்த்துக்கொள்ள ஜெசிந்தா என்று ஒரு பெண் வாரம் ஒரு முறை வருவாள். மாநகராட்சி உத்தியோகம். நீளக் கம்பி ஒன்றைத் தெருவில் குத்தி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பாள்.

“என்னம்மா சொல்லுது?” என்றாள் மங்கை.

“உங்க வீட்டுக்கு யாரும் வர்றதில்லன்னு சொல்லுது ஆன்ட்டி.”

“அத சொல்ல ஒரு கம்பி வேணுமா?”

ஜெசிந்தா கம்பியைப் பிடுங்கித் துடைத்தாள். “கரையான் புத்து இருக்குல்ல, அதுல நடமாட்டம் இருக்கற வழிய அதுங்க மண்ணு போட்டு ஒசத்திக்கும். மழ வந்தா, எதுவும் போகாத அறையில தண்ணிய விட்டுடும். அந்தப் புத்தியத்தான் தெருவுக்கு வெச்சிருக்காங்க. கால் வர்ற வாசல தூக்கிக்கும். வராத வாசல எறக்கிடும்.”

“சம்பந்தி வீட்டு ஆளுங்க கார்ல வந்துட்டுப் போனாங்களே.”

“சக்கரத்த அதுக்குத் தெரியாது. புத்துல ஏது சக்கரம்.”

“நாங்க ரெண்டு பேரும் காலைலயும் சாயந்தரமும் இதுலதான நடக்கறோம்?”

“ஒரே கால் நூறு தடவ வந்தாலும் அதுக்கு ஒரு ஆள்தான் ஆன்ட்டி. வேற வேற கால் வரணும். வந்து, செருப்ப விட்டுட்டு உள்ள போயி, கொஞ்ச நேரம் இருந்துட்டுத் திரும்பணும்.”

“யாரும் வராத வீட்டுலயே தண்ணியும் வந்து நிக்கணுமா? என்னம்மா நியாயம் இது?”

“எங்கயாவது நின்னாகணும்ல? முன்ன எல்லாம் ஏழைங்க வீட்டுல நின்னுச்சு. இப்ப யாரும் வராத வீட்டுல நிக்குது. அத முன்னேற்றம்னு ரிப்போர்ட்ல எழுதியிருக்காங்க.” ஜெசிந்தா சிரிக்காமல் சொன்னாள். அவளுக்கும் சம்பளம் வரவேண்டுமே.

ஆக, ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர் வேண்டியவர்கள் என்பது தெருவிலேயே மேடும் பள்ளமுமாகத் தெரிய ஆரம்பித்தது. ஜோசியர் வீட்டு வாசல் குன்று மாதிரி நின்றது. அங்கே வந்தவர்கள் அன்பில் வந்தார்களா பயத்தில் வந்தார்களா என்பது தெருவுக்குத் தேவையில்லாத விஷயம். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தைப் பார்ப்பதற்கு முன் வாசலைப் பார்த்தார்கள். பள்ள வாசல் வீட்டில் பெண் எடுக்கவே யோசித்தார்கள்.

மங்கை பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, அதனால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தாள். பெண் இளவேனிலுக்கு இப்போது தலைப்பிரசவம். வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். போன மாதம் சம்பந்தியம்மாள் பெருங்களத்தூரிலிருந்து வந்தார். வாசலில் கணுக்கால் அளவு நின்ற தண்ணீரைப் பார்த்தார். காரை விட்டு இறங்கவே இல்லை.

“புள்ளத்தாச்சிய இந்தத் தண்ணியில எறக்கி விட முடியுங்களா சம்பந்தி? வாசல் ஏறட்டும், அனுப்பி வெக்கறோம்.”

தண்ணீருக்காக மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. நாதியற்ற வீடு என்று அவர் சொல்லாமல் விட்டது மங்கைக்கு நன்றாகவே கேட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மகள் தன் கையால் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டு, தன் வீட்டுக் கூடத்தில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

நாதியில்லாத குடும்பமும் இல்லை அது. நாலாவது குறுக்குத் தெருவில் பாதி வீடுகள் பங்காளிகள்தான். எல்லோரும் ஒன்றாக மனை வாங்கிக் குடிவந்தவர்கள். தெருமுனை வீடு மங்கையின் கணவர் குலசேகரனின் அண்ணன் சிகாமணியுடையது. பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில் பேசிய குரலிலேயே வீட்டிலும் பேசுவார், வீட்டில் பேசிய குரலிலேயே பங்காளிகளிடமும் பேசுவார். அவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். அவர் போகாத வீட்டுக்கு ஒருவரும் போக மாட்டார்கள்.

அவர் ஏன் தம்பி வீட்டுக்குப் போவதில்லை என்றால், இளவேனில் கல்யாணப் பத்திரிகையைக் குலசேகரன் அவருக்கு போனில் அனுப்பிவிட்டார். தட்டு இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை, பெண்டாட்டியோடு நேரில் வந்து ஒரு வார்த்தை இல்லை. மற்ற எல்லாருக்கும் நேரில் போய் வைத்தார். அண்ணனுக்கு மட்டும்தான் போன்.

“அவன் என் அண்ணன்டி. சொந்த அண்ணனுக்குப் போயி யாராவது பத்திரிக வெப்பாங்களா? அவன்தான முன்ன நின்னு நடத்தணும்?” என்றார் குலசேகரன். அவர் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். உரிமை என்று அவர் நினைத்தது அங்கே அவமானமாகப் போய்ச் சேர்ந்தது. அவன் உயிரோடு இருக்கிற வரைக்கும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சிகாமணி சத்தியம் செய்தார். கல்யாணத்தில் பாதிப் பந்தி காலியாகக் கிடந்தது.

மங்கை முதலில் காசு கொடுத்து ஆள் பிடித்துப் பார்த்தாள். வாசல் ஏற்றித் தருகிறோம் என்று கம்பெனிகளே வந்துவிட்டன. சீருடை போட்ட இருபது பேர் வந்தார்கள், செருப்பைக் கழற்றினார்கள், உள்ளே உட்கார்ந்து ஃபேன் காற்று வாங்கினார்கள், போனார்கள். வாசல் அசையவில்லை. ஊரில் எல்லா வாசலுக்கும் போகிற கால்கள் அவை. தெரு அவர்களைத் தபால்காரர் கணக்கில் சேர்த்துவிட்டது.

கடைசியில் அவளே சிகாமணி வீட்டுக்குப் போனாள். மேட்டு வாசல், ஐந்து படி ஏறவேண்டும். ஓரகத்தி சுந்தராம்பாள் காபி கொடுத்தாள்.

“மாமா, அவரு தெரியாம செஞ்சுட்டாரு. வேனிலுக்காக ஒரு தடவ வந்துட்டுப் போங்க. நீங்க வந்தா எல்லாரும் வருவாங்க.”

சிகாமணி பேப்பரை மடித்தார். “பத்திரிகைய போன்ல அனுப்புனான். என் காலையும் போன்லயே அனுப்பறேன்னு சொல்லு.”

திரும்பி வந்து குலசேகரனிடம் அதை அப்படியே சொன்னாள்.

“உயிரோட இருக்கற வரைக்கும்னுதான சொன்னான்?”

“ஆமா.”

“அப்ப செத்துட்டேன்னு போட்டுடலாம்.”

மங்கை தலையில் அடித்துக்கொண்டாள். நாக்கு அழுகிப்போகும் என்றாள். நல்லதுக்கு வராதவன்கூடச் சாவுக்கு வந்துதான் ஆகவேண்டும், எல்லோரும் வந்து வாசல் ஏறிய பிறகு எழுந்து உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன், எல்லோருக்கும் காபி போட்டுக்கொடு என்றார் குலசேகரன். சம்பந்தியம்மாள் காரிலிருந்து இறங்காமல் பேசியது அவள் கண் முன்னால் வந்து நின்றது. காபிக்குக் கூடுதலாகப் பால் வேண்டும் என்று பால்காரரிடம் சொல்லிவைத்தாள்.

மறுநாள் காலையில் ‘அல்லிக்குளம் சொந்தங்கள்’ குழுவில் ‘குலசேகரன் இயற்கை எய்தினார்’ என்று செய்தி வந்தது. அனுப்பியவர் குலசேகரன். பதற்றத்தில் தன் போனிலிருந்தே அனுப்பிவிட்டார். ஒருத்தராவது கவனிக்கவேண்டுமே. எல்லோரும் வரிசையாகக் கும்பிடு போட்டார்கள். ஒன்றுவிட்ட மைத்துனர் ஒருவர் எப்படி ஆச்சு என்று கேட்டார். மாரடைப்பு என்று குலசேகரன் பதில் போட்டார். நல்ல மனுஷன், என்று மைத்துனர் அவருக்கே எழுதினார்.

சிகாமணிதான் முதலில் வந்தார். செருப்புகூடப் போடவில்லை. தெருமுனையிலிருந்து வேட்டி அவிழ ஓடிவந்து, வாசல் தண்ணீரில் சறுக்கி, எழுந்து, கூடத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்த தம்பியின் மேல் விழுந்தார்.

“டேய் குலசேகரா, என்ன விட்டுட்டுப் போயிட்டியேடா. உன்ன ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போனவன்டா நானு.”

பெரிய உடம்பு. கீழே இருந்தவருக்கு மூச்சு முட்டியது. சொந்தங்கள் எல்லாம் கூடத்திலும் வாசலிலுமாக நிறைந்து நின்றபோது குலசேகரன் இருமினார்.

சிகாமணி மெதுவாக எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குலசேகரன் எழுந்து உட்கார்ந்து, “அண்ணா, வாசல் ரொம்ப எறங்கிடுச்சு, அதான்” என்றார்.

சிகாமணி அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

“நான் சொன்ன சொல் தவறினவன் இல்ல. இந்த வாசல மிதிச்சுட்டேன். அப்ப என் தம்பி செத்துட்டான்னுதான் அர்த்தம். எடுக்கறது மட்டும் வேணாம். பதினாறு நாள் காரியமும் மொறையா நடக்கும். எல்லாரும் தெனம் வந்துடுங்க.”

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத குடும்பம். மங்கை போட்டு வைத்த காபியைச் சாவு வீட்டில் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் ஜெசிந்தா வந்தாள். கம்பியைக் குத்தினாள், காதில் வைத்தாள், எடுத்துத் திரும்பவும் குத்தினாள்.

“ஆன்ட்டி, தெரு எழும்பியிருக்கு. இங்க என்ன நடக்குது?”

“ஒரு சாவும்மா.”

“அச்சச்சோ. யாரு?”

குலசேகரன் நாற்காலியிலிருந்து கையைத் தூக்கினார்.

ஜெசிந்தா அதற்கு மேல் கேட்கவில்லை. மாநகராட்சி வேலையில் எல்லாவற்றையும் கேட்கக்கூடாது என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். “இது மேலாப்புல ஏறியிருக்கு, இன்னும் ஊறல. இப்ப நின்னுட்டா திரும்ப எறங்கிடும். இன்னும் கொஞ்ச நாள் இதே மாதிரி ஆளுங்க வந்துட்டுப் போனா நிலைச்சிடும்” என்று மட்டும் சொன்னாள்.

ஆளுங்க வந்தார்கள். தினமும் சாயங்காலம் சிகாமணி முன்னால் வர, மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். கூடத்தில் குலசேகரனின் போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. சிகாமணி அதன் முன்னால் உட்கார்ந்து பேசுவார். பக்கத்து நாற்காலியில் குலசேகரன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

“நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தக் கல்யாணத்த எப்படி நடத்தியிருப்பேன். போனா போடான்னு விட்டுட்டியே குலசேகரா” என்பார் போட்டோவிடம்.

“தப்புதான்ணா” என்பார் குலசேகரன்.

சிகாமணிக்கு அது கேட்காது. “சர்க்கர மாத்திரய ஒழுங்காப் போட்டிருந்தா இன்னும் பத்து வருஷம் இருந்திருப்ப.”

“போட்டுட்டுத்தான்ணா இருக்கேன்.”

முதல் இரண்டு நாள் குலசேகரனுக்கு இது பிடித்துத்தான் இருந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தைகளை அவர் உயிரோடு இருந்தபோது கேட்டதில்லை. போகப்போக முகம் வாடியது. போட்டோவைப் பார்த்துப் பேசுகிற அண்ணன், தலையை ஒரு சாண் திருப்பினால் தன்னைப் பார்க்கலாம். திருப்பவில்லை. இரவு படுக்கும்போது, “அந்தப் போட்டோவுல அப்படி என்னடி இருக்கு” என்று மங்கையிடம் கேட்டார். அவளுக்குப் பாவமாக இருந்தது. இருந்தாலும் வாசல் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்து தரை தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாசலில் கால் நனையாமல் நிற்க முடிந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பத்தாம் நாள் காலையில் சம்பந்தியம்மாள் போன் செய்தார்.

“வாசல் ஏறிடுச்சாமே சம்பந்தி. ரொம்ப சந்தோஷம். பதினாறு கழிஞ்சதும் வளைகாப்ப வெச்சுக்கலாம். நீங்க தாராளமா வாங்க. வளையல் மட்டும் வேற யாராவது சுமங்கலி போடட்டும்.”

“அவரு உயிரோடதாங்க இருக்காரு. இதோ, பல்லு வெளக்கிட்டு இருக்காரு.”

“தெரியுங்க. ஊருக்கே தெரியும். ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல? இன்னைக்குத்தான உங்களுக்குப் பொட்டு எடுக்கறாங்க?”

மங்கை போனை வைத்தாள். இத்தனை நாள் இது எப்படித் தன் மண்டையில் உறைக்காமல் போனது என்று அவளுக்கே புரியவில்லை. சத்தியம் செய்தது ஒரு ஆம்பளை. செத்தது ஒரு ஆம்பளை. நடுவில் பொட்டை அழிக்கவேண்டியது அவளா? தெருவை மாற்றினார்கள், மண்ணுக்குப் புத்தி வைத்தார்கள், இது மட்டும் மாறவில்லை.

சாயங்காலம் சுந்தராம்பாள் நாலைந்து பெண்களோடு வந்தாள். தட்டில் பூவும், கண்ணாடி வளையலும், மஞ்சளும் இருந்தன. முதலில் எல்லாவற்றையும் போட்டு அழகு பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். சுந்தராம்பாளுக்கு மங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சும்மா பேருக்குத்தான் மங்க. அவரு மொற மொறங்கறாரு. இன்னைக்கு எடுத்துட்டு நாளைக்கு நீயே வெச்சுக்க.”

மங்கை தட்டைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள். சிகாமணி போட்டோவோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் நின்று பேசிப் பழக்கமில்லாதவள், நேராகப் போய் போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினாள். விளக்கை அணைத்தாள். போட்டோவைக் கவிழ்த்து வைத்தாள்.

“மாமா, இவரு சாகல. இதோ உக்காந்திருக்காரு. பத்து நாளா நீங்க பேசறதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு இருக்காரு.”

அவள் அதோடு நிறுத்தவில்லை.

“உங்க சத்தியம் உங்களுக்குப் பெருசு. எனக்குத் தெரியும். நீங்க வராம நின்னுட்டா வாசல் எறங்கிடும். எறங்கட்டும். எம் பொண்ணு மொழங்கால் தண்ணியில நடந்து வரட்டும், நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றேன். அவங்க அனுப்பலேன்னா அங்கயே போயி வாசல்ல உக்காந்துக்கறேன். ஆனா அவ கைக்கு நான்தான் வளையல் போடுவேன். இந்தப் பொட்ட ஒருத்தரும் தொடக்கூடாது.”

சிகாமணி கவிழ்ந்து கிடந்த போட்டோவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பிறகு தலையைத் திருப்பி, பத்து நாளில் முதல் தடவையாக, பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். குலசேகரன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அழுகைதான் வந்தது.

சிகாமணி எழுந்தார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். சுந்தராம்பாள் தட்டை முந்தானையால் மூடிக்கொண்டாள். முடிந்தது என்று மங்கை நினைத்தாள். மகளை எப்படி அழைத்து வருவது என்று அந்த நிமிஷமே யோசிக்க ஆரம்பித்தாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சிகாமணி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கி, கேட்டருகில் போய் நின்றார். சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை. வந்தது போல எழுந்து போய்விடவேண்டும். மறுபடி வருகிறேன் என்று அந்த வீட்டில் சொல்வது மகா தப்பு. பத்து நாளும் அவர் அப்படித்தான் போனார், மற்றவர்களும் அப்படித்தான் போனார்கள். இன்றைக்கு அவர் கேட்டைத் தாண்டவில்லை. அவர் தாண்டாததால் பின்னால் வந்த ஒருவரும் நகர முடியாமல், அத்தனை பேரும் மழையில் நனைந்துகொண்டு வாசலை அடைத்து நின்றார்கள்.

“குலசேகரா” என்றார் சிகாமணி, திரும்பாமல். டிப்போவில் பேசிய குரல் அது இல்லை. “போயிட்டு வர்றேன்.”

குலசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“மழ பெய்யுதுண்ணா. இந்தா, கொடைய எடுத்துட்டுப் போ.”

சிகாமணி குடையை வாங்கிக்கொண்டு போனார். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக, போயிட்டு வர்றோம் மங்க, போயிட்டு வர்றேன் அண்ணி, என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். எல்லோருக்கும் சரி சரி என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, மங்கை உள்ளே போய்ப் பெண்ணுக்கு போன் செய்தாள்.